செசிலிக்குப் பின்னால் வந்த அரை மீட்டர் கடல்

ஒரு பொம்பளைக்குப் பின்னாலேயே கடல் நடந்து வீடுவரைக்கும் வந்துவிட்டது என்றால், வேறு எந்த ஊராக இருந்தாலும் அது எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்டே பத்து நாள் ஓடியிருக்கும். சேந்தன்முனையில் அதை யாரும் கேட்கவில்லை. எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் செசிலி வீட்டு வாசலில் மகன் ரோமானுடைய பைக் ஏற்கெனவே நின்றது, அதை ஒட்டிப் பக்கத்து வீட்டு பத்திமாவின் கருவாடு காய்ந்தது, மிச்சம் இருக்கிற சந்தில் ஐஸ் வண்டி போய்வர வேண்டும்.

முழுக் கடலும் வரவில்லை. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், இடுப்பளவு உயரம். கண்ணாடி கிடையாது, தொட்டி கிடையாது, தண்ணீர் தானாகவே நாலு பக்கமும் நேராக நின்றது, அடியில் ஒரு பிடி மணலும் அதில் நெருக்கமாகக் கடற்புல்லும், புல்லைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டமும், ஒரு புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரையும், விரல் நீளத்தில் ரெண்டு ஓரா மீனும் இருந்தன. செசிலி நின்றால் அது நின்றது. செசிலி நடந்தால் நாலடி தள்ளிப் பின்னால் வந்தது.

செசிலிக்கு வயது நாற்பத்தொன்று. பதின்மூன்று வயதிலிருந்து விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கால்களில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிக் கடல்பாசி பறித்தவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, உப்பனாறு கடலில் சேருகிற இடத்தில் ஏழு கழிகளை நட்டு, அடித்தரையைக் கண்ணால் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஊர் அவளைக் கைகாட்டியது. அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், தண்ணீர் ரொம்ப வத்துகிற நாள் பார்த்து, அவள் ஒவ்வொரு கழியடியிலும் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கிற கடற்புல்லைக் குருத்து குருத்தாக எண்ணி, நனைந்தாலும் அழியாத பலகையில் பென்சிலால் எழுதி, சட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கழிக்குப் போவாள். எண்ணாமல் சட்டத்தைப் பிரியக் கூடாது என்ற ஒன்றே ஒன்றுதான் விதி.

"புல்ல எண்ணி என்னக்கா பண்ணப் போறீய, மாடு மேய்க்கவா?" என்று வலை பின்னுகிறவர்கள் கேட்பார்கள்.

"ஆமா, ஒங்களைத்தான்," என்பாள்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் எண்ணாமல் வந்ததில்லை. அப்படி வந்த ஒரே நாளில் கடல் பின்னாலேயே வந்துவிட்டது.

அன்றைக்கு மூன்று கழி முடித்து, நாலாவது கழியில் சட்டத்தைப் போட்டுவிட்டு மூச்சுக்குத் தலையைத் தூக்கினபோது, ஆற்றுவாய்க்கு வெளியே ரோமான் மீன்பிடிக்கப் போன பச்சை வத்தை, அந்தச் சின்னப் படகு, அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். ஆற்றுவாயில் மணல்மேடு. தண்ணீர் வத்தினால் எந்தப் படகும் உள்ளே வர முடியாது, தண்ணீர் ஏறுகிறவரை வெளியே நிற்க வேண்டியதுதான், இறங்கி நடந்து வரலாமென்றால் மேட்டைச் சுற்றி இடுப்பளவு சேறு. மூன்று வருடத்துக்கு முன் அவள் புருசன் சந்தியாகு அதே பச்சை வத்தையில், அதே இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் கிடந்தான். தூக்கிக்கொண்டு இறங்கின ரெண்டு பேரும் சேற்றில் புதைந்து, மறுபடியும் வத்தையிலேயே ஏற்றினார்கள். கரையில் நின்றவர்களுக்கு வத்தை தெரிந்தது. வத்தையில் கிடந்தவனுக்குக் கோயில் சிலுவையும் தன் வீட்டு ஓடும் தெரிந்தன. தண்ணீர் ஏறி வத்தை உள்ளே வந்தபோது அவன் இல்லை.

அதனால் அவள் சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மேட்டுக்கு உள்பக்கம் ரெண்டரை மணி நேரம் நின்றாள். தண்ணீர் ஏறியது, வத்தை வந்தது, ரோமான் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"பல்லு வலிம்மா. இதுக்கா இங்க வந்து நிக்கிற?"

நல்லாயிருந்த கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு, அலுத்துப்போய், சட்டத்தைப் பற்றின நினைப்பே இல்லாமல் அவள் வீட்டுக்கு நடந்தாள். கோயில் திருப்பத்தில் பத்திமாதான் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யக்கா, பின்னால பாருங்க, என்னமோ வருது."

செசிலி திரும்பிப் பார்த்தாள். சட்டத்தை அடையாளம் தெரிந்தது. "சனியன், எண்ணாம வந்துட்டேன்," என்றாள். அவ்வளவுதான்.

ஊர் அதற்குப் பழகியது, கரண்டு போவதற்குப் பழகின மாதிரி, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வராததற்குப் பழகின மாதிரி. முதல் நாள் பார்க்க வந்தவர்கள் ரெண்டாம் நாள் அதில் கை கழுவினார்கள், மூன்றாம் நாள் வழியை அடைக்குது என்று முணுமுணுத்தார்கள். சாமியார் வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், அது ஏற்கெனவே உப்பாக இருந்த தண்ணீரில் சேர்ந்து உப்பாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வெளியே நிறுத்திவிட்டு வா என்று சொல்லிப் போனார், அது வாசலில் நின்று எல்லோருடைய செருப்பையும் நனைத்தது. நாய்கள் நக்கிப் பார்த்து வாந்தி எடுத்தன. பேருந்தில் ஏறப் போனால் நடத்துனர், "யம்மா, அதக் கூட்டிட்டுப் பின்படியில ஏறு, முன்னால ஆளுக உக்காந்திருக்காங்க," என்றார். கடலில் தண்ணீர் ஏறினால் வாசலில் நின்ற கடலும் ஒரு முழம் ஏறியது, அங்கே வத்தினால் இங்கேயும் வத்தியது, அதனால் ஆம்பளைகள் கரைக்குப் போய்ப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, பல் விளக்கிக்கொண்டே செசிலி வாசலை எட்டிப் பார்த்து, "இன்னும் நேரம் கெடக்கு," என்று திரும்பிப் போய்ப் படுத்தார்கள். ரெண்டு ஓரா மீனும் வளர்ந்தால் யாருக்கு என்று ஒரு சண்டை நடந்தது. கடலில் இருக்கிறவரைதான் பொது, தெருவுக்கு வந்துவிட்டால் தெருக்காரனுக்கு என்று தீர்ப்பாகி, மீன் வளராததால் தீர்ப்பு அப்படியே கிடக்கிறது.

எல்லோருக்கும் பழகிவிட்டது. செசிலிக்குத்தான் பழகவில்லை, ஏனென்றால் நாலாவது கழியின் எண்ணிக்கையை அவள் இன்னும் எழுதவில்லை.

சந்தியாகு செத்ததிலிருந்து ஊர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: மெஷின் கொண்டுவந்து ஆற்றுவாயைத் தோண்டு. மூன்று வருடம் மனுக் கொடுத்து, மறியல் பண்ணி, கடைசியில் மேலே இருக்கிறவர்கள் சரி என்றார்கள். ஆனால் தோண்டுகிற சேற்றை நாலாவது கழிப் பக்கம்தான் கொட்ட முடியும், அங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடற்புல் உயிரோடு இருந்தால் மெஷின் வராது, இல்லையென்றால் வரும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். எண்ணுகிறவள் செசிலி. மெஷின் வர வேண்டும் என்று அந்த ஊரில் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. புருசன் போன வத்தையில் இப்போது மகன் போகிறான்.

படகுக்காரர்கள் தலைவர் இன்னாசி நாலாவது கழிவரை போய்ப் பார்த்துவிட்டு நேராக அவள் வாசலுக்கு வந்தார்.

"அங்க சதுரமா ஒரு குழி இருக்கு செசிலி. சுத்தித் தண்ணி நிக்குது, குழிக்குள்ள ஒரு சொட்டு இறங்கல. வெறும் மணல். புல் ஒண்ணுகூட இல்ல. சைபர்னு எழுது."

"இங்க நிக்கிறது என்னவாம்?"

"இது தெரு. தெருவுல கழி நட்டிருக்காங்களா? அங்க இல்ல, அதனால சைபர். இதுல பொய் எங்க இருக்கு?"

"சட்டத்துக்குள்ள எண்ணித்தான் எழுதணும் சித்தப்பா. சட்டம் இங்க இருக்கு."

"அப்ப இங்கயே எண்ணி, கம்மியா எழுது."

"எல்லாரும் தினம் மூஞ்சி கழுவுற எடத்துல, எல்லாரும் பாக்க, இது கம்மின்னு எழுதணும். அப்படித்தான?"

இன்னாசிக்குக் கோபம் வந்து, தானே குனிந்து எண்ணினார், பதினாலு என்றார். அவரை மடக்கவென்றே பத்திமா எண்ணினாள், முந்நூறு வந்தது. யார் எண்ணினாலும் அவரவருக்கு எது வேண்டுமோ அது வந்தது. செசிலி எண்ணவே இல்லை. எண்ணினால் நிறைய வரும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும், நிறைய வந்தால் மெஷின் வராது, மெஷின் வராவிட்டால் ரோமான் வெளியே நிற்பான். எண்ணாமல் இருந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காமல் இருப்பதும் ஒரு வழி என்று அவள் நினைத்தாள், பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறார்கள்.

ஆராய்ச்சி மேடம் கவிநயா போன் பண்ணினாள். "அக்கா, படிவத்துல நாலாவது கழிக்கு நேரே காலியா இருக்கு."

"ஆமா மேடம், காலியாத்தான் இருக்கு."

மேடம் எட்டு மணி நேரம் பேருந்தில் வந்தாள். பார்த்தாள். குனிந்து கடல்குதிரையைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிவந்தாள், பிறகு படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் படிவத்துல எடமே இல்லைக்கா," என்றாள். அவளுக்குத் தூக்கம் வந்தது. "எண்ணிக் குடுங்க. நீங்க எண்ணுனது மட்டும்தான் பன்னெண்டு வருசமா ஒரே மாதிரி வருது. நான் எண்ணுனா அது வேற கை." அடுத்த பேருந்தில் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குள் நண்டு வலைக்காரன் ஒருத்தன் ஒன்றைக் கண்டுபிடித்தான். செசிலி அன்றைக்கு மணல்மேட்டின் உள்பக்கமாக ஓடி வந்த தடத்தில், பின்னால் வந்த சட்டத்தின் அகலத்துக்கு, இடுப்பாழத்தில், கத்தி வைத்துக் கீறின மாதிரி ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. வத்தின நேரத்திலும் அதில் தண்ணீர் ஓடியது. ஊர் ஏலக்கொட்டகையில் கூடியது, இன்னாசி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அரை மீட்டர். பக்கத்துல பக்கத்துல நாலு தடவை நடந்தா ரெண்டு மீட்டர். வத்தை நுழைஞ்சிரும்."

எல்லோரும் செசிலியைப் பார்த்தார்கள். யாரும் நட என்று சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்தார்கள், அது இன்னும் மோசம்.

அவள் பழைய அலுமினியத் தட்டைத் தேடி எடுத்துக் கால்களில் கட்டிக்கொண்டாள், தட்டு இருந்தால் சேறு அவ்வளவாக இழுக்காது. நடந்தாள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, மறுபடி போகும்போது ஒன்று, மறுபடி வரும்போது ஒன்று, பின்னாலேயே கடல் சேற்றையும் மணலையும் அறுத்துக்கொண்டு வந்தது, முடிந்ததும் பன்னிரண்டு வத்தையும் வரிசையாக உள்ளே வந்தன, ரோமான் நின்றுகொண்டு கையை ஆட்டினான், அன்றைக்கு அவள் சிரித்தாள். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான்.

மறுநாள் மணல் மூடிவிட்டது. மறுபடி நடந்தாள். அதற்கு மறுநாளும் மூடியது. தண்ணீர் வத்துகிற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும், அதனால் அவள் சோறாக்குகிற நேரமும் தள்ளிப்போனது, குளிக்கிற நேரமும் தூங்குகிற நேரமும் தள்ளிப்போயின, காலையில் நடந்தாள், உச்சி வெயிலில் நடந்தாள், சாயங்காலம் நடந்தாள், மழையில் நடந்தாள், திருவிழா அன்றைக்குச் சப்பரம் தெருவில் வரும்போது சேற்றில் நடந்தாள். முதல் வாரம் கரையில் டீ வைத்திருந்தார்கள். ரெண்டாம் வாரம் டீ இல்லை. மூன்றாம் வாரம் புகார் வந்தது.

"நேத்து கோணலா நடந்திருக்கீய மதினி, எஞ்சின் விசிறி தட்டுது."

"கொஞ்சம் வெரசா நடந்தா என்ன? ஏலத்துக்கு நேரமாவுது."

"பக்கத்து ஊரு வத்தை ரெண்டு வருது, அவங்களுக்கும் சேத்து அஞ்சாவதா ஒரு தடவ நடந்துருங்களேன், எப்படியும் அங்கதான போறீய."

அதிசயம் என்றால் சும்மா கிடைக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஊர் அது. எல்லா ஊரும் அப்படித்தான் போல. செசிலியின் கால்விரல் இடுக்கெல்லாம் உப்பில் வெந்து தோல் உரிந்தது. முட்டிக்கால் வீங்கியது. பின்னால் வந்த சட்டத்துக்குள் புல் மட்டும் ஒரு வாட்டமும் இல்லாமல் புதுக்குருத்து விட்டுக்கொண்டிருந்தது.

"எண்ணிரும்மா," என்றான் ரோமான், அவள் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே. "எண்ணினா இது போயிரும்."

"போனா மெஷினும் வராது, வழியும் இருக்காது. அப்புறம் நீ வெளிய நிப்பே."

"நிக்கிறேன்."

"ஒங்கப்பாவும் நின்னாரு."

அவன் அவளுடைய மறு காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

நாற்பதாவது நாள் அவளுக்குக் காய்ச்சல். பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வாசலில் கடல் வத்திக்கொண்டு வந்தது, அதைப் பார்த்துவிட்டு இன்னாசியும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். ரோமான் கடலில் இருந்தான்.

"மெதுவா நட செசிலி, அவசரமே இல்ல," என்றார் இன்னாசி. அதைவிட இரக்கமாக அவருக்குப் பேசத் தெரியாது. "பன்னெண்டும் வெளிய நிக்குது. ஒம் மவனும் நிக்கிறான்."

எழுந்து, தட்டைக் கட்டிக்கொண்டு போனாள். ரெண்டு தடவை நடந்தாள். மூன்றாவது தடவை மேட்டுக்கு நடுவில் ஒரு தட்டு கழன்றது, கால் உள்ளே போனது, மற்ற காலும் போனது, இடுப்புவரை சேற்றில் இறங்கி நின்றுவிட்டாள். பின்னால் கடல் நாலடி தள்ளி நின்று காத்திருந்தது. வெளியே வத்தையில் ரோமான் குதிக்கப் போனான், ரெண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், குதித்தால் அவனும் போவான். கரையில் ஊரே நின்றது. சந்தியாகு வத்தையில் கிடந்த அன்றைக்கும் இதே மாதிரிதான் ஊரே நின்றது, நின்று பார்த்தது. அவள் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அப்போது கரையிலிருந்து யாரோ, நல்ல மனசோடு, தைரியம் சொல்கிற குரலில் கத்தினார்கள்:

"இன்னும் ஒன்றரை தடவைதான் பாக்கி செசிலி!"

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. சேற்றின்மேல் குப்புறப் படுத்து, நண்டு மாதிரி ஊர்ந்து, ஒரு மணி நேரத்தில் கரைக்கு வந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்து, வீட்டு வாசல்வரை போய், சேறு காயாத உடம்போடு தெருவில் உட்கார்ந்து, கடலுக்குள் கையை விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

பின்னாலேயே ஓடிவந்தார்கள். எண்ணாதே என்றார் இன்னாசி. யோசி என்றார்கள். ஒம் புருசனை நெனச்சுப் பாரு என்றார்கள். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள், ஒவ்வொரு குருத்தையும் விரலால் ஒதுக்கி ஒதுக்கி, பன்னிரண்டு வருடம் எண்ணின மாதிரியே, யாருக்கும் எதுவும் கூட்டாமல் குறைக்காமல். இருநூற்றுப் பதினாலு. பத்தில் ஏழு பங்கு புல். பலகையில் எழுதினாள். பிறகு சட்டத்தைத் தூக்கினாள்.

தண்ணீர் சத்தமில்லாமல் தெருவில் படுத்தது. புல்லும் மணலும் மீனும் கடல்குதிரையும் சேர்ந்து, சாக்கடைக்குள் விழாமல், வந்த வழியே கோயில் திருப்பம் திரும்பி, கரை இறங்கிப் போய்விட்டன. மறுநாள் நாலாவது கழியில் குழி இல்லை, புல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் தெருவை விட்டுப் போனபோதே இன்னாசி சொல்லிவிட்டார்.

"ஒம் புருசன் செத்த வழிய நீயே அடைச்சிட்ட."

"பன்னெண்டு வத்தை," என்றாள் செசிலி. "வத்தைக்கு நாலு ஆளு. நாப்பத்தெட்டுப் பேருக்கும் கையிருக்கு, வீட்ல மம்பட்டி இருக்கு. நான் ஒருத்தி நாப்பது நாள் நடந்தேன். மெஷின் வரலேன்னு சொல்லாதீய, நீங்க இன்னும் இறங்கல." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. மறுநாள் பன்னிரண்டு வத்தையும் அஞ்சு மணி நேரம் வெளியே நின்றன, மீன் நாறியது. அதற்கு மறுநாளும் நின்றன. மூன்றாம் நாள் ரோமான் கடலுக்குப் போகாமல், ரெண்டு பலகையையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், சேற்றில் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று தனியாக வெட்டினான். வெட்டின குழியில் மணல் சரிந்தது. இன்னாசி கரையில் நின்று அரை மணி நேரம் பார்த்தார்.

"எருமை, நீரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டுறான் பாரு," என்று கத்தினார். கேட்கவில்லை என்று பக்கத்தில் போய்க் கத்தினார். அப்பவும் கோணலாகவே வெட்டினான் என்று மம்பட்டியைப் பிடுங்கி வெட்டிக் காட்டினார். காட்டினவர் சாயங்காலம்வரை காட்டினார். அடுத்த நாள் அவர் தம்பி வந்தான், அவனைத் திட்ட அவன் மச்சான் வந்தான், பிறகு வத்தைக்காரர்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். இறங்கினார்களே தவிர ஒருத்தருக்கும் மனசில்லை. ஒவ்வொரு மம்பட்டி மண்ணுக்கும் ஒரு வசவு, அத்தனையும் செசிலிக்கு, அவள் காலுக்கு, அவள் கணக்குக்கு, அவளைப் பெற்றவர்களுக்கு, கடல்காற்றில் அது ஊருக்குள் தெளிவாகக் கேட்டது.

பேசாமல் இருக்க முடியாத பத்திமா ஓடிவந்து கதவைத் தட்டினாள். "யக்கா, ஒங்களை என்னென்ன பேசுறாங்கன்னு கேட்டீயளா? ஒங்க மவனும் சேந்து பேசுறான்க்கா!"

செசிலி பாயில் படுத்தபடியே காதைக் கொடுத்தாள். இன்னாசி குரல் தெரிந்தது. அன்றைக்கு ஏலத்துக்கு நேரமாவுது என்றவன் குரல் தெரிந்தது. ரோமான் குரலும் தெரிந்தது, அவன்தான் எல்லோரையும்விட மோசமாகப் பேசிக்கொண்டிருந்தான், மூச்சு வாங்க வாங்க.

"எத்தனை பேருடி நிக்கிறானுவ?"

பத்திமா வெளியே போய், கரையில் ஏறிநின்று, எண்ணிவிட்டு வந்தாள். "நாப்பத்தேழுக்கா. அந்தோணி மட்டும் வரல."

"அவனும் வந்து திட்டுனா எழுப்பு," என்று சொல்லிவிட்டு, செசிலி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.